வில்லை மினுங்கும், நம்பர்தான் பேசும்!

பழைய ரிவால்வர் வைத்திருப்போர் உஷார்: கைப்பிடியைக் கண்டு மயங்கினால் கம்பி எண்ண நேரிடும்

திருத்தணி:

தாத்தா காலத்து ரிவால்வர் ஒன்று. அதன் கைப்பிடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சின்ன உலோக வில்லை. அது பொன் நிறமாக இருந்தால் ஒரு விலை. வெள்ளி நிறமாக இருந்தால் இன்னொரு விலை. வில்லையே இல்லாவிட்டால் வேறு கணக்கு!

பழைய துப்பாக்கிகளைச் சேகரிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது இந்த வில்லையைத்தான். துப்பாக்கி எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதற்கு அது ஒரு துப்பு.

ஆனால் வில்லையை மட்டும் நம்பியவர் ஏமாந்தார். நம் நாட்டில் ஏமாறுவதோடு போகாது. ஜெயிலுக்கும் போக நேரிடும். எப்படி என்பதைப் பார்ப்போம்.

சித்தூர் காகிதம்

திருத்தணி எல்லை ஊர். பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் நகரி. அது ஆந்திரா. ஒரு காலத்தில் இந்தப் பகுதி கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்தது. பிறகு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. முதலில் செங்கல்பட்டு மாவட்டம். 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம்.

இந்தக் கதை எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றில் தாத்தாவின் துப்பாக்கி லைசென்சு இருந்தால், அது சித்தூர் கலெக்டர் ஆபீசு காகிதமாக இருக்கும். அதுவும் வெள்ளைக்காரன் போட்ட 1878-ம் வருடத்து ஆயுதச் சட்டத்தின்படி கொடுத்தது. இப்போது நடப்பில் இருக்கும் ஆயுதச் சட்டம் 1959-ல் நிறைவேறி, 1962 அக்டோபர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

மாவட்டம் மாறியது. மாநிலம் மாறியது. சட்டமும் மாறியது. பெட்டிக்குள் கிடக்கும் ரிவால்வர் மட்டும் மாறவில்லை. பழைய காகிதத்தைக் காட்டி, "எங்களுக்கு லைசென்சு இருக்குதே!" என்று சொன்னால் போலீசார் ஏற்க மாட்டார்கள்.

டபேதார் வில்லை

கலெக்டர் ஆபீசு டபேதார் மார்பில் டவாலி போட்டிருப்பார். அதில் பித்தளை வில்லை இருக்கும். அதைப் பார்த்ததும், "இவர் கலெக்டர் ஆபீசு ஆள்" என்று ஊர் தெரிந்து கொள்ளும்.

ரிவால்வர் கைப்பிடியில் இருக்கும் வில்லையும் அதே மாதிரிதான். "நான் இன்ன கம்பெனி சரக்கு" என்று சொல்லும்.

அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் என்ற பிரபல கம்பெனி உண்டு. அதன் வில்லையில் எஸ், டபிள்யூ என்ற இரண்டு எழுத்தும் பின்னிக் கிடக்கும்.

கோல்ட் கம்பெனி இன்னொன்று. கோல்ட் என்றால் இங்கே தங்கம் அல்ல. சாமுவேல் கோல்ட் என்ற முதலாளியின் பெயர். அதன் வில்லையில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரை.

பொன் வில்லை, வெள்ளி வில்லை

ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கைப்பிடிகளின் ஜாதகத்தைச் சேகரிப்பாளர்கள் இப்படிக் கணிக்கிறார்கள்:

1910-க்கு முன்பு மரக் கைப்பிடியில் வில்லை கிடையாது. திருகாணியைச் சுற்றி வைர வடிவத்தில் ஒரு கட்டம் மட்டும் இருக்கும். கெட்டி ரப்பர் கைப்பிடி என்றால் எழுத்து அந்த ரப்பரிலேயே வார்க்கப்பட்டிருக்கும்.

சுமார் 1910-ல் பொன் நிற வில்லை வந்தது. முதலில் அது மரத்துக்குள் கொஞ்சம் பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் தடவினால் குழி தெரியும். 1917 வாக்கில் குழி போய், மரத்தோடு மட்டமாக வந்தது.

1920 வாக்கில் வில்லையே நின்று போனது! ஏறக்குறைய பத்து வருடம் மொட்டைக் கைப்பிடிதான்.

1929, 30 வாக்கில் வில்லை மறுபடியும் வந்தது. இந்தத் தடவை பொன் நிறம் இல்லை, வெள்ளி நிறம்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. அலங்காரத்துக்கு நேரம் ஏது? பிரிட்டனுக்கும் அதன் நேச நாடுகளுக்கும் லட்சக்கணக்கில் போன ரிவால்வர்களுக்கு வழவழப்பான மரக்கட்டை, வில்லை கிடையாது. அடியில் கயிறு கட்ட ஒரு வளையம் மட்டும் உண்டு. போர் முடிந்த பிறகு வில்லை திரும்பியது. திருகாணியைச் சுற்றியிருந்த வைரக் கட்டம் 1968-ல் போனது.

கோல்ட் கம்பெனியில் வேறு கதை. அதன் ரிவால்வர்களில் நெடுங்காலம் கெட்டி ரப்பர் கைப்பிடி. 1923, 24 வாக்கில் அக்ரூட் மரமும் வெள்ளி நிறக் குதிரை வில்லையும் வந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் சில வருடம் பிளாஸ்டிக் கைப்பிடி. பிறகு மறுபடியும் மரம். பிற்காலத்தில் குதிரையும் பொன் நிறத்துக்கு மாறிக் கொண்டது.

பிரிட்டிஷ் பட்டாளத்தின் என்பீல்டு ரிவால்வர் 1930-களில் வந்தது. அதன் தொடக்ககால மரக் கைப்பிடியில் எழுத்தே இல்லாத ஒரு பித்தளை வட்டம் இருக்கும். அது அழகுக்கு அல்ல. எந்தப் படைப்பிரிவின் சொத்து என்று குறி வெட்டுவதற்கு!

துக்கம் காத்த கழுகு

அமெரிக்காவில் ரூகர் என்று ஒரு கம்பெனி. பில் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் கூட்டாளிகள். 1949-ல் கைத்துப்பாக்கி போட்டார்கள். கைப்பிடி வில்லையில் சிவப்புக் கழுகு.

1951-ல் ஸ்டர்ம் இறந்து போனார். கூட்டாளிக்குத் துக்கம் காக்க, சிவப்புக் கழுகைக் கறுப்பாக மாற்றினார் ரூகர். அதனால் சிவப்புக் கழுகு போட்ட பழைய துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மவுசு. அந்தச் சிவப்பு வில்லைக்காகவே கூடுதல் பணம் கொடுக்கிறார்கள்.

கூடுதல் பணம் என்றவுடன் என்ன நடக்கும்? சிவப்பு வில்லையைப் புதிதாகச் செய்து ஒட்டவும் ஆள் கிளம்பி விடும்.

ஆந்தை எந்தப் பக்கம் பார்க்கிறது?

எல்லாவற்றிலும் பயங்கரம் ஆந்தைக் கதைதான்.

ஐவர் ஜான்சன் என்ற அமெரிக்கக் கம்பெனி மலிவு விலை ரிவால்வர் செய்தது. அதன் கைப்பிடியில் ஆந்தைத் தலை. 1901 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டவன் கையில் இருந்தது இந்தக் கம்பெனி ரிவால்வர்தான். அப்போது அதன் விலை வெறும் நாலரை டாலர்!

இந்த ஆந்தை, குழல் இருக்கும் முன்பக்கத்தைப் பார்த்தால் அது பழைய காலத்துச் சரக்கு. கருமருந்துத் தோட்டாவுக்காகச் செய்தது. சுடுபவர் இருக்கும் பின்பக்கத்தைப் பார்த்தால் 1909-க்குப் பின் வந்தது. புகையில்லா மருந்துத் தோட்டாவைத் தாங்கும்.

புகையில்லா மருந்தின் அழுத்தம் அதிகம். பழைய ரிவால்வரில் புதுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் உருளை வெடித்துச் சிதறலாம். சுட்டவர் விரலும் கண்ணும் போகலாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பழைய துப்பாக்கியில் யாரோ புதுக் கைப்பிடியை மாட்டி விட்டால்? ஆந்தை பின்பக்கம் பார்க்கும். "பயமில்லை, போடு" என்று பொய் சொல்லும். ஆந்தை அலறினால் ஆகாது என்பார்கள் நம் பாட்டிமார். இந்த ஆந்தை அலறாமலே ஆளைத் தீர்த்து விடும்!

ஒரே ஒரு திருகாணி

கைப்பிடியை மாற்ற என்ன வேண்டும்? பெரும்பாலான ரிவால்வர்களுக்கு ஒரே ஒரு திருகாணிதான். வாட்ச் ரிப்பேர் கடை ஸ்குரு டிரைவர் போதும். இரண்டு நிமிடத்தில் 1925 மாடலுக்கு 1912 கைப்பிடி ஏறி விடும்.

மலையடிவாரக் கடைகளில் விற்கும் கவரிங் டாலரும் மினுமினுக்கத்தான் செய்யும். அதை வைத்து யாராவது அடகு வாங்குவார்களா?

"அண்ணே, ஒரிஜினல் பொன் வில்லை. வெளிநாட்டிலே லட்சக்கணக்கிலே போகுது. உங்க கிட்டே இருக்கிறதாலே சல்லிசா முடிச்சுத் தரேன்" என்று ஒரு ஆசாமி காதில் ஓதினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "கைப்பிடியைக் கழற்றிக் காட்டுவீரா?"

கழற்றினால் குட்டு வெளிப்படும். அந்தக் காலத்து ஸ்மித் அண்டு வெஸ்ஸனில் வலதுபக்கக் கட்டையின் உள்ளே துப்பாக்கியின் நம்பரைப் பென்சிலால் எழுதியிருப்பார்கள். அல்லது கீறியோ குத்தியோ இருப்பார்கள். அதே நம்பர் கைப்பிடி இரும்பின் அடியிலும், தோட்டா போடும் உருளையிலும், குழலின் அடிப்பக்கத்திலும் இருக்க வேண்டும். எல்லாம் ஒன்றானால் கைப்பிடி அந்தத் துப்பாக்கியோடு பிறந்தது. ஒன்றில் மாறினால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள்.

வேறு அடையாளங்களும் உண்டு. நூறு வருடம் கை பட்ட இரும்பு தேய்ந்திருக்கும்போது, கட்டையின் சொரசொரப்பு மட்டும் புதுசாக இருந்தால் சந்தேகம். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் விளிம்பு பொருந்தாவிட்டால் சந்தேகம். வில்லையின் உள்பக்கம் புதுப் பசை இருந்தால் சந்தேகமே வேண்டாம்!

குதிரை சொல்லாததை நம்பர் சொன்னது

நம்பரின் மகிமைக்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது.

1928 டிசம்பர் 17-ந் தேதி லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 1931 மார்ச் 23-ந் தேதி பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் தூக்கிலிடப்பட்டனர். பகத்சிங் வைத்திருந்த கோல்ட் கைத்துப்பாக்கி எங்கே போனது என்பது பல வருடம் வெளியே தெரியவில்லை.

அது எங்கும் போகவில்லை. இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளி அருங்காட்சியகத்தில், மற்றத் துப்பாக்கிகளோடு சேர்ந்து கிடந்தது! துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்பு பெயிண்டு அடித்து வைத்திருந்தார்கள். அந்த ரகத்தில் கோல்ட் கம்பெனி 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியிருக்கிறது. எல்லாம் அதே குதிரை. குதிரையைப் பார்த்து யார் துப்பாக்கி என்று எப்படிச் சொல்வது?

பெயிண்டைச் சுரண்டினார்கள். உள்ளே நம்பர் தெரிந்தது: 168896. லாகூர் வழக்கு ஆவணத்தில் இருந்த நம்பரும் அதுவே! 2017-ல் அந்தத் துப்பாக்கி பஞ்சாபில் பகத்சிங் நினைவிடம் உள்ள உசைனிவாலாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

அந்த ஆறு இலக்கத்தை யாராவது அரத்தால் ராவியிருந்தால்? சரித்திரமே துருப்பிடித்துப் போயிருக்கும்.

காந்தியடிகளை 1948 ஜனவரி 30-ந் தேதி பலிகொண்ட பெரெட்டா துப்பாக்கியும் நம்பரோடுதான் ஆவணத்தில் இருக்கிறது: 606824.

நம் ஊர் வழக்கு ஒன்று. 1967 ஜனவரி 12-ந் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். எம்.ஆர்.ராதா மீது வழக்கு நடந்து தண்டனை ஆனது. அந்த வழக்கில் துப்பாக்கி, தோட்டா பற்றிச் சாட்சி சொன்னவர் தடய அறிவியல் நிபுணர் பி.சந்திரசேகரன். இப்படிப்பட்ட வழக்கில் நிபுணர்கள் பார்ப்பது தோட்டாவில் குழல் பதித்த கீறல்களை. கைப்பிடி எவ்வளவு பளபளத்தாலும் கோர்ட்டுக்கு அக்கறை இல்லை.

உப்புத்தாள் தேய்த்தால் ஆபத்து

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

பரணில் கிடைத்த ரிவால்வர் துருப்பிடித்திருக்கிறது. பேரன் உப்புத்தாள் எடுத்துத் தேய்க்கிறான். துரு போகிறது. கூடவே நம்பரும் போகிறது!

ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவு என்ன சொல்கிறது? துப்பாக்கியில் பொறித்த பெயரையோ நம்பரையோ அழிக்கக் கூடாது, மாற்றக் கூடாது. அழிந்த நம்பரோடு துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்ததாகச் சட்டம் எடுத்துக் கொள்ளும். "நான் அழிக்கவில்லை" என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. துப்பாக்கிக்கு மெருகு போட்ட பேரனுக்குக் கைவிலங்கு!

"சுடவே சுடாதுங்க, வெறும் இரும்புத்துண்டு" என்று சொல்லியும் தப்ப முடியாது. பழம்பொருளுக்கும் பழுதான ஆயுதத்துக்கும் 45-வது பிரிவில் விலக்கு உண்டுதான். ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. ரிப்பேர் செய்தால் சுடும் என்றால் அது துப்பாக்கியே. லைசென்சு வேண்டும்.

லைசென்சு இல்லாமல் சாதாரண ரகத் துப்பாக்கி வைத்திருந்தால், 2019-ல் திருத்திய சட்டப்படி 2 முதல் 5 ஆண்டு வரை ஜெயில். தடை செய்த ரகம் என்றால் 7 முதல் 14 ஆண்டு வரை. தாத்தா வைத்திருந்தது பட்டாளத்து ரகமா, சாதா ரகமா என்று வில்லையைப் பார்த்து முடிவு கட்ட முடியாது.

வெளிநாட்டுக் கனவு

"வெளிநாட்டில் விற்றுத் தருகிறேன்" என்று சொல்லும் பேர்வழி இன்னொரு விஷயத்தையும் சொல்ல மாட்டார். ஆயுதத்தை நாடு கடத்தத் தனி அனுமதி வேண்டும். நூறு வருடம் தாண்டிய சரித்திரப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. 1912-ம் வருடத்துப் பொன் வில்லை ரிவால்வர் என்று ஆசாமி அளப்பது உண்மையானால், அந்த உண்மையே அதை வெளியே அனுப்ப முட்டுக்கட்டை!

உள்ளூரில் விற்கவும் இஷ்டம் போல் முடியாது. வாங்குபவருக்கும் லைசென்சு வேண்டும். யாருக்கு விற்கப்போகிறோம் என்று கலெக்டருக்கோ போலீஸ் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் கழித்துத்தான் கை மாற்றலாம்.

எல்லை தாண்டுவதிலும் சிக்கல் உண்டு. லைசென்சு எந்த எல்லை வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால், திருத்தணியில் செல்லும் லைசென்சு நகரியில் செல்லாது. "பக்கத்து ஊர்தானே" என்று பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் வம்பு.

என்ன செய்ய வேண்டும்?

பழைய வீட்டில் துப்பாக்கி கிடைத்தால் பதற வேண்டியதில்லை. மறைக்கவும் கூடாது.

முதலாவது: குண்டு இருக்கிறதா என்று விசையை இழுத்துப் பார்க்கக் கூடாது. குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது.

இரண்டாவது: தேய்க்க வேண்டாம், எண்ணெய் போட வேண்டாம், கைப்பிடியைக் கழற்ற வேண்டாம். எந்த நிலையில் கிடைத்ததோ அந்த நிலையிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது: தாத்தா பெயரில் உள்ள லைசென்சு, ரசீது, சித்தூர் ஆபீசு காகிதம் என்று எது இருந்தாலும் தேடி எடுக்க வேண்டும். அதில் துப்பாக்கியின் நம்பர் இருக்கும். லட்ச ரூபாய் வில்லையை விட அந்த மக்கிய காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

நான்காவது: போலீஸ் நிலையத்துக்கு எழுத்து மூலம் தகவல் கொடுத்து ஒப்படைக்க வேண்டும். லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடையிலும் ஒப்படைக்கலாம். சட்டத்தின் 21-வது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. தேர்தல் சமயத்தில் லைசென்சுதாரர்கள் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது எல்லோருக்கும் தெரிந்ததே. இதற்கும் ரசீது வாங்க மறக்கக் கூடாது.

ஐந்தாவது: குடும்பச் சொத்தாக வைத்துக்கொள்ள ஆசை என்றால், வாரிசு என்ற முறையில் கலெக்டரிடம் லைசென்சுக்கு மனுப் போடலாம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும்.

பழைய ஆயுதங்களைப் பார்க்க ஆசைப்படுபவர்கள், திருத்தணியில் மின்சார ரெயில் ஏறிச் சென்னைக்குப் போகலாம். எழும்பூர் மியூசியத்திலும் கோட்டை மியூசியத்திலும் ஆயுதங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். லைசென்சு தேவையில்லை!